மேடை ஓரத்திலிருந்து ‘சக்தி’ வரை

1975 ஜூலை 5-ம் தேதி, நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள சவுத்தாம்ப்டன் கல்லூரியில் ஒரு கச்சேரி நடந்தது. மேடையில் ஐந்து பேர். கிதார் வாசித்தவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் பிறந்த ஜான் மெக்லாக்லின். தபலாவுக்கு பம்பாய்க்காரர் ஜாகிர் உசேன். மற்ற மூவரும் கர்நாடக இசையிலேயே ஊறி வளர்ந்தவர்கள்: வயலின் எல்.ஷங்கர், மிருதங்கம் ராம்நாட் வி.ராகவன், கடம் ‘விக்கு’ விநாயக்ராம். அன்றைய வாசிப்பை அங்கேயே ஒலிப்பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு கொலம்பியா நிறுவனம் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. குழுவின் பெயர் ‘சக்தி’.

கிழக்கும் மேற்கும் சந்தித்த கதையாகத்தான் இது வழக்கமாகச் சொல்லப்படுகிறது. தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து பார்த்தால் இதற்குள் இன்னொரு கதை இருக்கிறது. வயலின், மிருதங்கம், கடம் ஆகிய மூன்றும் நம் கச்சேரி மேடையில் பக்கவாத்தியங்கள். பாடகர் நடுவில் இருப்பார். இவை இருபுறமும் துணை நிற்கும். சவுத்தாம்ப்டன் மேடையில் பாடகரே இல்லை. பக்கவாத்தியங்களே கச்சேரி. அந்த இடத்துக்கு அவை வந்து சேர ஏறக்குறைய 170 ஆண்டுகள் ஆயின.

வயலினிலிருந்து தொடங்குவதுதான் முறை. அந்தக் கருவி நம்மிடம் வந்ததே ஐரோப்பியர் கூட்டத்திலிருந்துதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர், சென்னையை அடுத்த மணலியில் தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்து வந்த சின்னசாமி முதலியாரின் ஏற்பாட்டில், ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார் என்பது சங்கீத உலகம் போற்றிவரும் செய்தி. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதை வாய்ப்பாட்டுக்கு ஏற்ற துணையாக்கினார். இரண்டாம் சரபோஜி ஆண்ட தஞ்சையில் மேற்கத்திய பாண்டு வாத்தியக் குழு அரண்மனையிலேயே இருந்தது. ஆங்கிலேயரின் பாண்டு மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர் அவற்றுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டும் அவற்றில் ஒன்று. மும்மூர்த்திகளில் ஒருவரே பாண்டு இசைக்குக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார். கர்நாடக இசைக்காரர் வெளி இசையோடு உறவாடியது 1970-களின் புதுமை அல்ல.

உள்ளே வந்த வயலின் விரைவில் இன்றியமையாததாகிவிட்டது. நாற்காலியில் அமர்ந்தோ நின்றோ தோளில் தாங்கி வாசித்த கருவியை, தரையில் அமர்ந்து, நெஞ்சுக்கும் வலது காலின் கணுக்காலுக்கும் இடையில் முட்டுக்கொடுத்து வாசிக்கும் கருவியாக நம்மவர்கள் மாற்றினார்கள். இடது கை கருவியைத் தாங்க வேண்டிய தேவை போயிற்று. தந்தியில் மேலும் கீழும் வழுக்கி கமகம் பிடிக்க விரல்கள் சுதந்திரமாயின. ஆனால் அதன் முதல் வேலை பாடகரை நிழல்போலத் தொடர்வது என்று ஆயிற்று. தனி வயலின் கச்சேரிகள் வந்தபிறகும் அந்த வழக்கம் கருவியோடு ஒட்டியே இருந்தது.

அதை உடைக்க வேண்டும் என்ற வேட்கை கொண்டவர்களில் ஒருவர் வி.லட்சுமிநாராயணன். யாழ்ப்பாணத்தில் ராமநாதன் இசைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். வயலினைத் தனிக் கச்சேரிக் கருவியாக உலக மேடையில் அமர்த்துவது அவருடைய வாழ்நாள் இலட்சியம். மகன்கள் எல்.வைத்தியநாதன், எல்.சுப்பிரமணியம், எல்.ஷங்கர் மூவரையும் அந்த நோக்கத்தோடே பயிற்றினார். இளையவர் ஷங்கர் 1950-ல் பிறந்தவர். வயலின் மட்டுமல்ல, வாய்ப்பாட்டும் தாள வாத்தியமும் அந்த வீட்டில் பாடமாக இருந்தன. 1958-ல் இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வெடித்தபின், அந்தக் குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டு சென்னைக்கு வந்தது. மூன்று சகோதரர்களும் சேர்ந்து வாசித்த வயலின் கச்சேரிகள் அடுத்து வந்த ஆண்டுகளில் பெயர் பெற்றன.

அதே 1958-ல் சென்னையில் இன்னொரு தந்தை ஒரு பள்ளியைத் தொடங்கினார். தேத்தாக்குடி ஹரிஹர சர்மா நிறுவிய அந்த ஸ்ரீ ஜெயகணேஷ் தாள வாத்திய வித்யாலயத்தில் கற்பித்தது தாளத்தை. அவருடைய மகன் விநாயக்ராம் 1942-ல் பிறந்தவர். கையில் எடுத்தது கடம்.

கடத்தைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். மானாமதுரைக் குயவர்கள் களிமண்ணைப் பக்குவம் செய்து, சுவர் சீராக அமையத் தட்டித் தட்டி உருவாக்கிச் சூளையில் வேகவைக்கும் பானை அது. மிருதங்கத்துக்கு இருப்பதுபோல இழுத்துக்கட்ட வாரும் தோலும் கிடையாது. எந்தச் சுருதியில் வெந்து வந்ததோ அதே சுருதிதான் ஆயுள் முழுக்க. கொஞ்சம் மண்ணோ மெழுகோ ஒட்டி அணுவளவு மாற்றலாம், அவ்வளவே. அதனால் கட வித்வான் பல சுருதிப் பானைகளைச் சேர்த்து வைத்திருப்பார். விரல்களாலும் உள்ளங்கையாலும் மணிக்கட்டாலும் கழுத்து, வயிறு, அடி என்று இடம் மாற்றித் தட்டினால் வேறு வேறு நாதம். வாயை வயிற்றோடு அணைத்து, திறந்தும் மூடியும் வாசித்தால் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு கும்கி.

இத்தனை நாதம் இருந்தும் கச்சேரியில் கடத்துக்கு உபபக்கவாத்தியம் என்ற நிலைதான். மிருதங்கக்காரர் வாசித்து முடித்து வழிவிடும்போது சில சுற்றுகள் கிடைக்கும். பழனி கிருஷ்ணய்யர், உமையாள்புரம் கோதண்டராமய்யர், ஆலங்குடி ராமச்சந்திரன் போன்ற மேதைகள் வாசித்தும் மேடையில் அதன் இடம் ஓரமாகவே இருந்தது. விநாயக்ராம் இந்த வரிசையில் வந்தவர். 1966 அக்டோபரில் எம்.எஸ்.சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது மிருதங்கத்தில் டி.கே.மூர்த்தி இருந்தார், கடம் வாசித்தவர் விநாயக்ராம். சம்பிரதாயத்தின் உச்சியில் இருந்த மேடைகளில் வாசித்துப் பழகிய கை அது. ‘சக்தி’க்குப் போன மூவரும் கச்சேரி வாய்ப்பு இல்லாமல் வேறு வழி தேடியவர்கள் அல்ல.

அவர்கள் சந்தித்துக்கொண்ட இடம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள். கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1960-களிலேயே கர்நாடக இசை பாடமாகிவிட்டது. வீணை தனம்மாளின் பேரன் டி.ரங்கநாதன் அங்கே மிருதங்கம் கற்பித்தார். அவருடைய சகோதரி பாலசரஸ்வதியும் சகோதரர் டி.விஸ்வநாதனும் அங்கே பாடம் சொன்னவர்கள். பின்னாளில் ஜான் ஹிக்கின்ஸ் பாகவதர் என்று நம் ரசிகர்கள் கொண்டாடிய அமெரிக்கர் அந்தக் கல்விக்கூடத்தில் உருவானவர். எல்.ஷங்கர் இசை ஆய்வுப் பட்டத்துக்காக அங்கே சேர்ந்தார். ராம்நாட் ராகவன் அங்கே மிருதங்கம் கற்பித்தார். வீணை கற்றுக்கொள்ள அங்கே வந்துசேர்ந்தவர்தான் மெக்லாக்லின்.

அவர் அப்போது சாதாரண மாணவர் அல்ல. மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் ப்ரூ’ உள்ளிட்ட ஜாஸ் தட்டுகளில் கிதார் வாசித்தவர். 1971-ல் ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’ என்ற குழுவை அமைத்து, மின்கிதாரின் இடிமுழக்கத்தால் ராக் ரசிகர்களை ஈர்த்துக்கொண்டிருந்தவர். வங்காளத்தில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய ஸ்ரீ சின்மயின் சீடர். ‘மகாவிஷ்ணு’ என்பது குரு சூட்டிய பெயர். புகழின் உச்சியில் இருந்தவர் மாணவராக உட்கார்ந்தார். டாக்டர் எஸ்.ராமநாதனிடமும் பாடம் கேட்டார். பழகிய பின், ஒலிபெருக்கி அடுக்குகளையும் டிரம்ஸையும் ஒதுக்கிவைத்துவிட்டு, மின்சாரம் இல்லாத கிதாரோடு இந்திய வித்வான்களுக்கு நடுவே அமரத் தயாரானார்.

கிதாரைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. கிதாரில் மெட்டுகள் நிலையாகப் பதிக்கப்பட்டவை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவலாமே தவிர, வீணையைப்போல அசைத்து இழைய முடியாது. கிப்ஸன் நிறுவனத்தில் இருந்த ஏப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் மெக்லாக்லினுக்காக ஒரு தனிக் கிதார் செய்தார். மெட்டுகளுக்கு இடையே இருந்த மரத்தைக் குழிவாகச் செதுக்கி எடுத்தார். விரலுக்குக் கீழே பள்ளம் இருப்பதால் தந்தியை ஆழமாக அழுத்தவும் இழுக்கவும் முடிந்தது, சுரம் வளைந்தது, கமகத்துக்கு வழி பிறந்தது. ஒலித்துளைக்குக் குறுக்கே, சாய்வாக, ஏழு துணைத் தந்திகளைப் பூட்டினார். ராகத்துக்கேற்ப சுருதி சேர்த்து அவற்றை மீட்டிவிட்டால் தம்பூராவின் கார்வை போல ஒரு பின்னணி கிடைத்தது. பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் நம்மவர்கள் ஐரோப்பியக் கருவியைத் தங்கள் இசைக்கேற்ப வசப்படுத்தினார்கள். இப்போது ஓர் ஐரோப்பியரே தன் கருவியை நம் இசைக்கேற்ப வசப்படுத்திக்கொண்டார்.

தபலாவும் கடமும் ஒரே குழுவில் அமர்ந்ததையும் சிறிய விஷயமாக நினைக்கக் கூடாது. ஜாகிர் உசேன், தபலா மேதை அல்லா ரக்காவின் மகன், 1951-ல் பிறந்தவர், கலிபோர்னியாவில் அலி அக்பர் கான் நடத்திய இசைக் கல்லூரியில் கற்பித்தவர். இந்துஸ்தானி தாளமும் கர்நாடக தாளமும் கணக்கிலும் சொற்களிலும் வேறு வேறு மரபு. இரண்டும் இந்தியாவுக்குள்ளேயே அடிக்கடி சேர்ந்து அமர்ந்ததில்லை. அமெரிக்க மண்ணில், ஓர் ஆங்கிலேயரின் குழுவில், வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று நெருங்கிக் கேட்டன.

முதல் தட்டில் இருப்பது மூன்றே உருப்படிகள். ‘ஜாய்’ 18 நிமிடம். ‘லோட்டஸ் ஃபீட்’ ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. கடைசி உருப்படி 29 நிமிடம். இந்த நீள அளவே கச்சேரி வாசனையைக் காட்டிக்கொடுத்துவிடும்: ஒரு சிறு உருப்படியை நடுவில் வைத்து, விரிவான மனோதர்மத்துக்கு இரு பக்கமும் இடம்விட்ட அமைப்பு. ‘ஜாய்’ தொடங்கியவுடன் கிதாரும் வயலினும் மின்னல் வேகத்தில் ஒரே சங்கதியை ஒன்றாகப் பிடிக்கின்றன. பின் தனித்தனியே விரிக்கின்றன. ஸ்வரக் கோவைகளை ஒருவர் போட மற்றவர் திருப்பிப் போடுகிறார். சுற்று குறுகிக் குறுகி, கடைசியில் இருவரும் சேர்ந்து தீர்மானத்தில் வந்து விழுகிறார்கள். மயிலாப்பூர் சபாவில் பாடகருக்கும் வயலினுக்கும் நடக்கும் கல்பனாஸ்வரப் போட்டியைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த வடிவம் உடனே புரியும். ஆங்கிலப் பெயருக்குள் இருப்பது நம் கச்சேரி பத்ததி.

ஒரு மேற்கத்திய இசைக்குழுவில் கட்டாயம் இருக்கும் இரண்டு இங்கே இல்லை: பேஸ் கிதாரும் டிரம்ஸும். ஆதார ஸட்ஜத்திலேயே எல்லாம் நடப்பதால், மாறும் கோர்டுகளைத் தாங்க பேஸ் தேவைப்படவில்லை. தாழ்ந்த நாதம் வேண்டிய இடத்தில் மிருதங்கத்தின் தொப்பியும், தபலாவின் டக்காவும், வயிற்றோடு அணைத்த கடத்தின் கும்கியும் அந்த வேலையைச் செய்தன. ஓரத்தில் இருந்த கருவி இல்லாவிட்டால் இசையே இல்லை என்கிற நிலை, மண்பானைக்கு வந்த நிலை, இந்தத் தட்டில் காதாலேயே கேட்டறியக் கூடியது.

முதல் தட்டுக்குப் பிறகு ராகவன் விலக, குழு நால்வராயிற்று. 1976-ல் லண்டன் டிரைடண்ட் ஸ்டுடியோவில் ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ பதிவானது. மறு ஆண்டு வெளிவந்தது. அதன் முதல் உருப்படி கொன்னக்கோலில் தொடங்குகிறது. தகதிமி தகஜுணு என்று வாயால் சொல்லும் ஜதிதான் வாசல். மேற்கத்தியக் கேட்போருக்கு அது விசித்திரமான குரல் வித்தையாகத் தோன்றியிருக்கலாம். குழுவுக்கோ அதுதான் பொதுமொழி. ஏடும் நொட்டேஷனும் இல்லாமல், ஏழரை அட்சரத்தில் எடுப்பு, மிஸ்ர நடை, கோர்வைக் கணக்கு எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள அந்தச் சொற்கள் போதும். அதே தட்டில் ‘கிருதி’ என்றே ஓர் உருப்படிக்குப் பெயர். 1977-ல் ஜெனிவாவில் ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ பதிவாகி வெளிவந்தது.

விற்பனையில் இவை ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’வை எட்டவில்லை. மின்கிதாரை எதிர்பார்த்து வந்த ராக் ரசிகர்களில் பலர் பின்தங்கினார்கள். ஜாஸ் என்றும் இந்திய இசை என்றும் ஒரே பெட்டியில் போட முடியாத இசையை எந்த அலமாரியில் வைப்பது என்று கடைகளுக்குத் தெரியாத காலம் அது. 1978 வாக்கில் குழு கலைந்தது. மூன்று ஆண்டு, மூன்று தட்டு.

கலைந்த பிறகுதான் அதன் பலன் தெரிந்தது. எல்.ஷங்கர் பத்துத் தந்திகளோடு இரட்டை வயலின் ஒன்றை வடிவமைத்தார். ஒரே கருவியில் டபுள் பேஸின் ஆழமும் வயலினின் உச்சமும் அடங்கின. ஃப்ராங்க் ஸப்பா தயாரித்த தட்டில் வாசித்தார்; பீட்டர் கேப்ரியலோடு வாசித்தார்; அதே வேளையில் உமையாள்புரம் சிவராமனின் மிருதங்கத்தோடு ராகம் தானம் பல்லவி முறையில் ஈசிஎம் நிறுவனத்துக்குப் பதிவு செய்தார். விநாயக்ராம், அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் ‘பிளானட் டிரம்’ தட்டில் வாசித்தார். அது 1992-ல் கிராமி விருது பெற்றது. பிறகு பத்மஸ்ரீ, 2014-ல் பத்மபூஷண். கட வித்வான் ஒருவருக்கு நாடு பத்மபூஷண் கொடுக்கும் காலம் வந்தது. அவர் பானையைத் தூக்கிப்போட்டுப் பிடித்து வாசிக்கும் அழகைப் பார்க்கவே அரங்கம் கூடிற்று. ஆனால் அவரை நிலைநிறுத்தியது அந்த அழகு அல்ல, கணக்கும் நாதமும்.

ராம்நாட் ராகவனின் பெயர்தான் இந்தக் கதைகளில் பெரும்பாலும் விடுபடுகிறது. அவர் அமெரிக்காவிலேயே தங்கி, மிருதங்கம் கற்பித்தே வாழ்ந்தார். 1978-ல் ஓஹாயோவின் கிளீவ்லாந்தில் தியாகராஜ ஆராதனை தொடங்கக் காரணமானவர்களில் அவரும் ஒருவர். இந்தியாவுக்கு வெளியே நடக்கும் பெரிய கர்நாடக இசை விழாக்களின் வரிசையில் முன்னால் நிற்பது இன்று கிளீவ்லாந்து. ‘பாண்டில் சேர்ந்தால் சாஸ்திரியம் கெட்டுவிடும்’ என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை. ‘சக்தி’யின் முதல் தட்டில் வாசித்த கைதான் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளுக்கு அமெரிக்காவில் மேடை அமைக்க உதவியது.

1997-ல் மெக்லாக்லினும் ஜாகிர் உசேனும் விநாயக்ராமும் மீண்டும் கூடினார்கள். புல்லாங்குழலுக்கு ஹரிபிரசாத் சௌராசியா வந்தார். ‘ரிமெம்பர் சக்தி’ என்ற அந்த வடிவத்தில் அடுத்த தலைமுறை உள்ளே வந்தது. விநாயக்ராம் இடத்தில் மகன் வி.செல்வகணேஷ், கஞ்சிராவோடு. கடத்தைவிடவும் ஓரத்தில் இருந்த கருவி கஞ்சிரா. உடும்புத் தோல் போர்த்திய, உள்ளங்கையில் தாங்கும் சிறிய வட்டம் அது. ஒற்றைக் கையால் அதை வாசித்து, தபலாவின் இரு முகத்துக்கு ஈடுகொடுத்தார் செல்வகணேஷ். மாண்டலினை கர்நாடகக் கருவியாக்கிய யு.ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார், பிறகு பாடகர் ஷங்கர் மகாதேவன். 2000 டிசம்பரில் பம்பாயில் பதிவான கச்சேரியில் ஏ.கே.பழனிவேலின் தவிலும் சிவமணியின் டிரம்ஸும் விருந்தாளிகளாக வந்தன. கோயில் வாசலில் முழங்கும் தவிலுக்கும் அந்த மேடையில் இடம் இருந்தது. கொன்னக்கோலைச் செல்வகணேஷோடு சேர்ந்து கற்பிக்க, மெக்லாக்லின் ஒரு பாடத் தொகுப்பையே வெளியிட்டார்.

ஸ்ரீநிவாஸ் 2014 செப்டம்பரில், 45 வயதிலேயே மறைந்தார். அந்த இழப்பிலிருந்து குழு மீள ஆண்டுகள் ஆயின. வயலினில் கணேஷ் ராஜகோபாலன் சேர்ந்தபின், 2023-ல் ‘திஸ் மொமென்ட்’ வெளிவந்தது. 1977-க்குப் பிறகு ‘சக்தி’ என்ற பெயரில் வந்த முதல் ஸ்டுடியோ தட்டு அது. 2024 பிப்ரவரி 4-ம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் அதற்குக் கிராமி கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 15-ம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஜாகிர் உசேன் காலமானார்.

உலகம் அரங்கு நிறைந்து கேட்டது எதை என்று யோசித்தால், விடை நம் வீட்டுச் சரக்காகவே இருக்கிறது: கடமும் மிருதங்கமும் கஞ்சிராவும் மாறிமாறிப் போடும் கணக்கு, குறைப்பு, மோரா, கோர்வை. அதுதான் தனி ஆவர்த்தனம். நம் சபாக்களில் தனி தொடங்கியவுடன் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கிறது. பாதி அரங்கம் கேன்டீனுக்குப் போகிறது. நேரம் போதவில்லை என்று முதலில் சுருக்கப்படுவதும் தனிதான். கடத்துக்கும் கஞ்சிராவுக்கும் கிடைக்கும் சுற்றுகள் அதிலும் குறைவு. சபாக்காரர்கள் உபபக்கவாத்தியத்துக்கும் சரியான மைக்கும் போதிய நேரமும் தரட்டும். ரசிகர்கள் வரும் மார்கழியில் தனி முடியும்வரை எழுந்திருக்காமல், கையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்கட்டும்.